உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி?

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஓர் ஆசிரியர் கேட்டது இது: "வீட்டில் வாசித்து வரச் சொன்னால் யாரும் வாசிப்பதில்லை. கதைச் சுருக்கத்தை இணையத்தில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். போஸ்டர், விளையாட்டு, நாடகம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைத் திறப்பவர் யாருமில்லை. வாசிப்பில் ஈடுபாடு வர வகுப்பில் என்னதான் செய்வது?"

பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பு கலகலப்பாக இருக்கிறது, புத்தகம் மூடிக் கிடக்கிறது. கதாபாத்திரத்தின் படத்தை வரைந்து சுவரில் ஒட்டுவதற்குக் கதையை வாசித்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் "ஆள் எப்படி இருப்பான், தாடி உண்டா?" என்று கேட்டால் போதும், படம் தயார். நாடகமும் அப்படித்தான். வாசித்த இருவர் வசனம் எழுதுவார்கள், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

அதனால் எந்தச் செயல்பாட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: கதையை வாசிக்காத மாணவன் இதைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல ஓவிய வகுப்பாக இருக்கலாம், நல்ல நடிப்பு வகுப்பாக இருக்கலாம், வாசிப்பு வகுப்பு இல்லை. செயல்பாட்டுக்கு நடுவே நாலைந்து தடவையாவது கண் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். "எங்கே இருக்கிறது அது, வரியைக் காட்டு" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் மடக்க வேண்டும். கீழே நான் சொல்பவை எல்லாம் இந்தக் கேள்வியில் தேறியவை. தேறாத சில பிரபலமான முறைகளையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வாசிக்காதவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. வாசிக்க முடியாததால் வாசிக்காதவர் உண்டு. முடிந்தும் பிடிக்காதவர் உண்டு. பாடப்புத்தகம் தவிர மற்றதெல்லாம் வாசிக்கிற மூன்றாவது ரகமும் உண்டு: வரைகதை, விளையாட்டுச் செய்தி, இணையத்தில் வரும் தொடர்கதை. இந்த மூன்றாவது ரகத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை, 'வாசிக்காதவன்' பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பீரியட் ஒதுக்கி, "கடைசியாக நீயாக விரும்பி வாசித்தது எது? எதுவானாலும் சரி" என்று எழுதச் சொன்னால் யார் எந்த ரகம் என்று ஓரளவு தெரிந்துவிடும். சமையல் குறிப்பும் கைபேசி விளையாட்டின் விதிமுறையும்கூட அதில் வரட்டும்.

முதல் ரகத்தின் சிக்கல் பெரும்பாலும் சொற்களில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களை வைத்து ஹூ, நேஷன் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்கைத் தந்தது. யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க, அதில் வரும் சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொற்களுக்கு ஒரு சொல் மட்டும் தெரியாமல் இருக்கலாம். 250 சொற்கள் உள்ள பக்கம் என்றால் ஐந்து சொல். பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேறு புத்தகம் எடு என்று சொல்கிற பழைய விரல் கணக்கு இதோடு அழகாகப் பொருந்துகிறது. நம் பாடநூல்களில் பல பக்கங்கள் இரண்டு கையும் போதாதவை. அந்தப் பிள்ளையிடம் "ஆர்வம் இல்லை" என்று குறைப்பட்டுப் பயனில்லை. அவனுக்குத் தேவை அவன் அளவுக்கான புத்தகம், அல்லது கடினமான பக்கத்தை உடன் உட்கார்ந்து கடக்க ஓர் ஆள்.

சொல் மட்டும் தெரிந்தாலும் போதாது. ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயரெடுத்திருந்தும் அந்த ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அதிகம் புரிந்துகொண்டார்கள். எனவே கதைக்கு முன்னால் பத்து நிமிடம் களத்தைத் தயார் செய்வது வீண்வேலை இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எழுத்தாளரின் வரலாறு படித்தும் கதைச் சுருக்கம் சொல்லியும் செலவழித்துவிட்டால், அப்புறம் வாசிக்க என்ன மிச்சம் இருக்கும்?

அதற்குப் பதிலாக இரண்டு வழி. ஒன்று, துண்டுச் சீட்டு. கதையிலிருந்து பத்துப் பதினைந்து வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். பெரிய வகுப்பு என்றால் ஒரே சீட்டு மூன்று பேரிடம் இருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் எழுந்து நடந்து, எதிரில் வருபவரிடம் தன் வாக்கியத்தை வாசித்துக் காட்டி அவருடையதைக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து உட்கார்ந்து, "இது எதைப் பற்றிய கதை, யார் யார் வருகிறார்கள், என்ன கெட்டது நடக்கப்போகிறது" என்று நான்கைந்து பேராக ஊகித்து எழுத வேண்டும். ஊகம் தப்பாகத்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. வாசிப்பு தொடங்கியதும் ஒவ்வொருவரும் தன் சீட்டு எங்கே வரும் என்று காத்திருப்பார்கள். அது வரும் இடத்தில் "சார், என்னுது!" என்று ஒரு குரல் கேட்கும். வகுப்பில் ஒருபோதும் வாய் திறக்காத பிள்ளையின் குரலாக அது இருப்பதும் உண்டு.

இன்னொன்று கவிதைக்கும் பழைய நாடகத்துக்கும் ஏற்றது: வரிகளை வெட்டிக் கலைத்துக் கொடுப்பது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் முன்னுரை 14 வரி. அதை 14 துண்டாக வெட்டி உறையில் போட்டு, நான்கு பேருக்கு ஒன்று கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பொருள் முழுக்கத் தெரியாவிட்டாலும் 'லைஃப்' என்று முடியும் வரிக்கு 'ஸ்ட்ரைஃப்' துணை, 'ரேஜ்' என்பதற்கு 'ஸ்டேஜ்' துணை என்று காது கண்டுபிடித்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு வரி இயைபு வருவதைத் தாங்களே பிடிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் நிமிர்ந்து, "ஆறாவது வரியிலேயே காதலர்கள் சாகப்போவதைச் சொல்லிவிட்டாரே, இனி எதற்கு நாடகம் பார்ப்பது?" என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். முடிவு தெரிந்த பிறகும் ஐந்து அங்கம் உட்கார வைக்கிறவன் என்ன தந்திரம் செய்கிறான் என்பது நாடகம் முழுக்க இழுத்துச் செல்லத் தக்க கேள்வி.

இனி, வாசிக்கும் நேரம். வகுப்பில் சத்தமாக வாசிப்பது என்றால் பல பள்ளிகளில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி என்றுதான் வழக்கம். இதை நிறுத்திவிடலாம். ஏழாவது பெஞ்சில் இருப்பவன் தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பான். முன்னால் வாசிப்பது எதுவும் அவன் காதில் ஏறாது. முறை முடிந்ததும் அவனுக்குக் கதையும் முடிந்தது. திக்கித் திணறி வாசிக்கும் பிள்ளைக்கோ அது நாற்பது பேர் முன்னால் நடக்கும் அவமானம். சத்தமாக வாசிக்க வைப்பதில் தப்பில்லை, முன்னேற்பாடு இல்லாமல் வாசிக்க வைப்பதுதான் தப்பு. ஒரு காட்சியைக் குரல்களாகப் பிரித்து, கதைசொல்லிக்கு இருவர், பாத்திரங்களுக்கு ஒவ்வொருவர் என்று குழுவுக்குக் கொடுத்து, இருபது நிமிடம் ஒத்திகை பார்த்த பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் கூடாது, தாள் கையில்தான் இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் அதே பத்தியை ஆறேழு தடவை வாசித்திருப்பார்கள், யாரும் சொல்லாமலே. "இந்த இடத்தில் கோபமா, கிண்டலா?" என்று அவர்களுக்குள் சண்டை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

கதையின் முதல் இரண்டு பக்கத்தை ஆசிரியரே வாசித்துக் காட்டுவது நல்லது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் கதை கேட்கப் பிடிக்கும், ஒப்புக்கொள்ள மாட்டார்கள் அவ்வளவுதான். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, "மிச்சத்தை நீங்களே வாசியுங்கள், பன்னிரண்டு நிமிடம்" என்று விட்டுவிடுங்கள். நல்ல குரல் தேவையில்லை, அவசரப்படாமல் வாசித்தால் போதும்.

இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பது பற்றி ஒரு விஷயம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 விநாடிதான் இருந்தது. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தவை அறிவியல் வகுப்புகள். கதையைப் பற்றிய கேள்விக்கு 3 விநாடியும் போதாது, பக்கத்தைப் புரட்ட வேண்டாமா? ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிய முறை இதற்கு எளிய தீர்வு: தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, அப்புறம் வகுப்புக்குச் சொல். அதோடு ஒரு சிறு மாற்றம் செய்துகொள்ளுங்கள்: 'யோசி' என்பதற்குப் பதில் 'வரியைத் தேடி அடிக்கோடு போடு'. யோசிக்கிற மாதிரி நடிக்கலாம், அடிக்கோடு போடுகிற மாதிரி நடிப்பது கடினம்.

வாசிக்கத் தெரியும், ஆனால் வாசித்து முடித்தால் மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை என்கிற பிள்ளைகளுக்கு ஆன்மேரி பாலின்சர், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட முறையைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டதும் இப்படிப்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். நான்கு பேர் ஒரு குழு. ஒரு பத்தி வாசித்ததும் ஒருவர் ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து நான்கு வேலை செய்வார்: பத்தியைச் சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. அடுத்த பத்திக்கு ஆசிரியர் மாறுவார். முதல் வாரம் சொதப்பும். "கதாநாயகன் பெயர் என்ன?" மாதிரிக் கேள்விகள்தான் வரும். நீங்கள் ஒரு குழுவில் உட்கார்ந்து செய்து காட்டினால் மெல்ல மாறும். புரியாத இடத்தை வெளியே சொல்வது இங்கே ஒரு பொறுப்பாகவே கொடுக்கப்படுவதால், "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய விடுதலை.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு முறை, பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை ஒருவரையொருவர் நம்ப வைக்க உருவாக்கிய உத்தி அது. கட்டுரைப் பாடத்துக்கு அருமையாகப் பொருந்தும். கதைக்கு வேண்டாம். நாலில் ஒரு பங்கு கதையை வாசித்தவன் கதையை வாசித்தவன் ஆகமாட்டான். மிச்ச முக்காலும் அவனுக்கு இன்னொருவர் சொன்ன சுருக்கம்தான், அதைத்தான் ஏற்கெனவே இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறான்.

சுருக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இணையச் சுருக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுங்கள், ஜெயிக்க முடியாது. நீங்களே ஒரு சுருக்கம் எழுதி அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், அதில் வேண்டுமென்றே ஐந்து பிழை வைத்து. இரண்டு பிழை சுலபமானவை: ஒரு பெயர் மாறியிருக்கும், ஒரு சம்பவம் முன்பின்னாக இருக்கும். இரண்டு நுட்பமானவை: "பயந்து ஓடினாள்" என்று எழுதியிருப்பீர்கள், கதையில் அவள் நடந்துதான் போயிருப்பாள். ஐந்தாவது, பிழையா இல்லையா என்று வாதாடத் தக்கது: "கடைசியில் அவன் மனம் திருந்தினான்" என்பது போல. ஒவ்வொரு பிழைக்கும் பக்க எண்ணும் வரியும் காட்டினால்தான் கணக்கில் சேரும். முதல் நான்கையும் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். ஐந்தாவதுக்கு மணி அடித்த பிறகும் சண்டை நடக்கும். அதே சமயம், இணையச் சுருக்கத்தை மட்டும் பார்த்து வந்தவனுக்கு இந்தத் தாளில் நுட்பமான பிழை எதுவும் தெரியாது. அவனைக் கண்டிக்க வேண்டியதில்லை, பக்கத்து மாணவனோடு சேர்ந்து அவனும் புரட்டத் தொடங்குவான்.

வாசித்து முடித்த பிறகு செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது வழக்கு விசாரணை. எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிழவரைக் கொன்றவன் தானே சொல்லும் கதை. 2,000 சொற்களைக் கொஞ்சம்தான் தாண்டும், ஒரு பீரியடில் வாசித்துவிடலாம். கொலை செய்ததை அவனே ஒப்புக்கொள்கிறான், அதில் வழக்கில்லை. அவன் புத்தி சுவாதீனத்தோடு செய்தானா என்பதுதான் வழக்கு. பாதி வகுப்பு ஆம் என்று வாதாட வேண்டும், பாதி இல்லை என்று. கருப்பு அங்கி, மேசைச் சுத்தியல் எதுவும் வேண்டாம், நேரத்தைத் தின்னும். ஒரே விதி: பத்தி எண்ணைச் சொல்லாமல் பேசினால் அந்த வாதம் செல்லாது. நடுவர்களாக ஐந்து பேர், அவர்கள் கையிலும் கதை இருக்க வேண்டும், ஒவ்வொரு மேற்கோளையும் சரிபார்க்க.

சுவாதீனம் இல்லை என்பவர்கள் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்கள்: சொர்க்கத்திலும் பூமியிலும் நரகத்திலும் நடப்பது தன் காதில் விழுந்ததாக அவன் சொல்கிறான். கிழவர் மேல் அன்புதான் என்கிறான், அவருடைய ஒரு கண் பிடிக்கவில்லை என்பதற்காகக் கொல்கிறான். எதிர்த்தரப்பு ஏழு இரவுகளை எடுக்கும். நள்ளிரவில் கதவை மெல்லத் திறந்து, கிழவரின் அந்தக் கண் மூடியிருந்ததால் காரியத்தைத் தள்ளிப்போட்டு, எட்டாவது இரவு வரை பொறுமையாக இருந்தவனா பைத்தியம்? உடலைத் தரைப் பலகைகளுக்கு அடியில் மறைத்தது, சொட்டு ரத்தம் தெரியாமல் பார்த்துக்கொண்டது, வந்த காவலர்களைச் சிரித்துக்கொண்டே உட்கார வைத்தது எல்லாம் திட்டமிட்ட வேலை இல்லையா? இப்படிப் போகும்போது யாராவது ஒருவர் முக்கியமான இடத்துக்கு வருவார்: "நான் பைத்தியம் இல்லை என்று அவனே திரும்பத் திரும்பச் சொல்கிறானே." இரண்டு தரப்பும் அந்த வரி தங்களுடையது என்று இழுக்கும். தெளிவாக இருப்பவன்தான் அப்படிச் சொல்வான் என்பார்கள் சிலர், தெளிவாக இருப்பவன் எதற்கு அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். கதைசொல்லியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பாடத்தை நீங்கள் கரும்பலகையில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அவர்களே அங்கே வந்து நிற்பார்கள்.

இதில் தீர்ப்பு எதுவானாலும் சரிதானா என்று கேட்கலாம். இல்லை. இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே இதைத் தெளிவாக்கினார்: வாசகர் தன் அனுபவத்தோடு கதைக்குள் வருகிறார், அதனால் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தாளில் இருப்பதற்கு முரணான பொருளை ஏற்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: "உன் கருத்து என்னவாகவும் இருக்கட்டும், கதை அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்."

மேடை ஏறக் கூச்சப்படும் வகுப்புக்குச் சிலைக் காட்சி இருக்கிறது. ஒரு குழு கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, பேசாமல் அசையாமல் அந்தக் கணத்தை நின்று காட்டும். மற்றவர்கள் அது எந்த வாக்கியம் என்று புத்தகத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு இல்லாததால் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் முன்னால் வரும். ஒரு மாணவி கை முஷ்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்றால், "அது கதையில் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி தானாக வரும்.

பேசுவதே பிடிக்காதவர்களுக்கு மௌன விவாதம். பெரிய தாளின் நடுவில் கதையின் ஒரு பத்தியை ஒட்டி மேசை மேல் வையுங்கள். சுற்றி நிற்பவர்கள் பேனாவால் மட்டும் பேச வேண்டும். ஒருவர் ஒரு சொல்லை வட்டமிட்டு ஏதோ எழுதுவார், இன்னொருவர் அதற்குக் கோடு இழுத்துப் பதில் எழுதுவார். பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிடும். வழக்கமாகக் கை தூக்கும் நாலு பேரின் ஆதிக்கம் இங்கே செல்லாது.

அப்புறம் மறுவாசிப்பு. இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, பாடம் முடிந்ததும் கேள்வி பதிலுக்குத் தாவிவிடுகிறோம். ஷர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய 'தி லாட்டரி' கதையில், தொடக்கத்திலேயே பையன்கள் சட்டைப்பையில் கல் பொறுக்கி நிரப்புகிறார்கள். முதல் வாசிப்பில் அது விடுமுறை நாள் விளையாட்டு. கதையை முடித்த கையோடு அதே முதல் பக்கத்துக்குத் திரும்பி, "இப்போது உறுத்துவதை எல்லாம் அடிக்கோடு போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வாசிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பில் விழும் அமைதி வேறு ரகம். எழுத்தாளர் எதையும் மறைக்கவில்லை, கண்ணுக்கு எதிரே வைத்திருந்தும் தாங்கள்தான் பார்க்கவில்லை என்று தெரியும்போது, அடுத்த கதையின் முதல் பக்கத்தைச் சும்மா தாண்ட மாட்டார்கள்.

குழுவாக ஒரு நாவலை வாசிப்பது, அதில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பது என்ற முறையை 1990களில் பரப்பியவர் ஹார்வி டேனியல்ஸ். ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் சொல் பார்ப்பவர், ஒருவர் படம் வரைபவர் என்று போகும். தொடக்கத்துக்கு நல்லது. பொறுப்புத் தாளை நிரப்புவதே வேலையாகிவிட்டால் பேச்சு செத்துவிடும். பின்னாளில் அவரே அதை எச்சரித்தார். இரண்டு மூன்று சுற்றுக்கு அப்புறம் தாளை எடுத்துவிட்டு, "பேசத் தோன்றிய மூன்று இடத்தில் குறி வைத்து வா" என்பது போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாடத்துக்கு. பாடத்துக்கு வெளியே தானாக வாசிக்க வைப்பது தனி வேலை, அதற்கு நேரமும் புத்தகத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் இரண்டும் வேண்டும். பீரியடின் முதல் பத்து நிமிடம் அவரவர் விரும்பிய புத்தகம், வாரத்தில் மூன்று நாளாவது. ஆசிரியரும் வாசிக்க வேண்டும், வருகைப்பதிவு போடக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி சரி. அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், இப்படி மௌனமாக வாசிக்க விடுவதால் மட்டும் வாசிப்புத் திறன் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. வாசிப்பு வீண் என்று அது சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் பார்த்தால் காரணம் புரியும்: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கனவு காண்பது சுலபம். அதனால் தொடக்கத்தில் சில நாள் ஆசிரியர் வாசிக்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். அப்புறம் தினம் இரண்டு பேர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுவதுதான் நேரத்தை நன்றாகப் பயன்படுத்துவது. "இப்போது எங்கே இருக்கிறாய், எந்த இடம் உனக்கு எரிச்சலாக இருந்தது, எனக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டேன்" இந்த மூன்று போதும். மதிப்பெண் வேண்டாம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை என்றால் பாதியில் விடும் உரிமையும் சேர்த்துத்தான். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று 10 எழுதினார். முதல் மூன்று: வாசிக்காமல் இருக்கலாம், பக்கங்களைத் தாண்டலாம், முடிக்காமல் விடலாம். முதலாவதை வகுப்பில் அப்படியே கொடுக்க முடியாது, மற்ற இரண்டையும் தாராளமாகக் கொடுங்கள். முப்பது பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லையா, வைத்துவிட்டு வேறு எடு. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். பிடிக்காததைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுவது பிடித்ததைப் பற்றி எழுதுவதைவிடக் கூர்மையாக இருக்கும்.

எதை எடுப்பது என்றே தெரியாதவர்களுக்கு ருசி பார்க்கும் பீரியட் ஒன்று வையுங்கள். மேசைக்கு ஐந்தாறு புத்தகம், வகை கலந்து: துப்பறிவது, வாழ்க்கை வரலாறு, வரைகதை, விளையாட்டு, பேய்க்கதை. மேசைக்கு ஏழு நிமிடம். அட்டையைப் பார்க்காமல் முதல் பக்கத்தை மட்டும் வாசித்து, தொடருவேன், பார்க்கலாம், வேண்டாம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். பீரியட் முடியும்போது ஒவ்வொருவர் கையிலும் வாசிக்க விரும்பும் இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஆசிரியர் கொடுக்கும் நூறு பரிந்துரையைவிட வகுப்புத் தோழி ஒருத்தி "இதை எடு, இரவு தூங்க மாட்டாய்" என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம் என்பதால், வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் யாராவது ஒருவர் தான் வாசிப்பதைப் பற்றிப் பேசட்டும். கதையைச் சொல்லக் கூடாது, ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டி நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்று மட்டும். தினமும் எத்தனை பக்கம் வாசித்தாய் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வது பொய் எழுதப் பழக்குகிற ஏற்பாடு, விட்டுவிடுங்கள். சோதனை வைக்க வேண்டும் என்றால் புத்தகத்தைத் திறந்து வைத்தே வையுங்கள். "நாயகியின் தம்பி பெயர் என்ன" என்ற கேள்வி திறந்த புத்தகத்தில் அர்த்தமில்லாமல் போய்விடும், அதனால் நல்ல கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் நமக்கே வந்துவிடும். "இந்த இரண்டு பத்தியிலும் அதே மழை வருகிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்கிற மாதிரி.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் கதைக்குப் பிழை வைத்த சுருக்கத்தைத் தயார் செய்யுங்கள், அரை மணி நேர வேலை. அது நன்றாகப் போனால் அதற்கடுத்த கதைக்குத் துண்டுச் சீட்டு. முதல் பத்து நிமிட வாசிப்பை மட்டும் உடனே தொடங்கிவிடலாம். அதற்கு முன்னேற்பாடு என்று எதுவும் இல்லை, வகுப்பு மூலையில் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் இருந்தால் சரி. பள்ளி நூலகத்தில் மாதம் ஒருமுறை மாற்றி எடுத்து வர இரண்டு மாணவர்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், எதை எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.